மூலநிரலிலிருந்து ஒரு மென்பொருள்

காஞ்சிபுரம் பட்டுச் சேலையின் கரையில் ஓடும் அன்னமும் யாளியும் தறிக்கு வருவதற்கு முன் கட்டம்போட்ட தாளில் உருவாகின்றன. வடிவமைப்பாளர் எந்தக் கட்டங்களை நிரப்பியிருக்கிறாரோ அதைப் பார்த்து அட்டையில் துளை குத்துவார்கள். அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேலிருக்கும் ஜக்கார்டு பெட்டியில் ஏற்றுவார்கள். துளை இருந்தால் ஊசி உள்ளே போகும், அதற்குரிய பாவு இழை மேலே எழும். துளை இல்லாவிட்டால் இழை அப்படியே கிடக்கும். நெசவாளர் ஊடையை ஓட்டி அடித்ததும் அடுத்த அட்டை வரும்.

இந்தப் பெட்டிக்குப் பெயர் தந்த பிரான்ஸ் நாட்டு ஜோசப் மரி ஜக்கார்டு அதை வடிவமைத்தது 1804 வாக்கில். 1830களில் சார்லஸ் பாபேஜ் தம் கணக்கிடும் எந்திரத்துக்குத் துளை அட்டைகளையே திட்டமிட்டார். 1890 அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கெடுப்பை ஹெர்மன் ஹொலரித்தின் அட்டை எந்திரங்கள் எண்ணித் தள்ளின. 1970கள் வரைக்கும்கூடப் பல கணினி நிரல்கள் அட்டைகளில் குத்தப்பட்டன.

தறிக்கு வேண்டியது அட்டை. மனிதனுக்குப் புரிவது கட்டத்தாள். அன்னத்தின் கொண்டையை மாற்ற நினைப்பவர் கட்டத்தாளைத்தான் தேடுவார். மென்பொருளிலும் இதே கதைதான். நாம் தரவிறக்கி ஓட்டும் நிரல், செயலிக்கு மட்டுமே புரியும் இரும எண்களின் குவியல். அதை எழுதியவர் சி, சி++ போன்ற மொழியில் எழுதிவைத்த வரிகள்தான் மூலநிரல். கட்டற்ற மென்பொருள் அந்த மூலநிரலையும் சேர்த்தே கொடுக்கிறது. அதை நம் கணினியிலேயே ஓடும் நிரலாக்கிக்கொள்வதைத் தொகுத்தல் என்கிறோம்.

ஓர் உதாரணத்தோடு பார்ப்போம். டெசராக்ட் என்பது படத்திலுள்ள எழுத்தைப் படித்து உரையாக்கும் மென்பொருள். எச்பி நிறுவனத்தின் ஆய்வுக்கூடத்தில் 1985இல் தொடங்கியது. 2005இல் மூலநிரலோடு பொதுவில் வைக்கப்பட்டது. பின்னர் பல ஆண்டுகள் கூகுள் அதை வளர்த்தது. தமிழும் படிக்கும். உபுண்டு போன்ற லினக்ஸ் வெளியீடுகளில் ‘ஆப்ட்’ கட்டளை ஒன்றைக் கொடுத்தால் தயார்நிலையில் வந்து இறங்கிவிடும்.

பிறகு எதற்கு மூலநிரல் வரை போக வேண்டும்? முதல் காரணம் பதிப்பு. டெசராக்ட் 5.0 வெளியானது 2021 நவம்பரில். ஆனால் 2022 ஏப்ரலில் வந்த உபுண்டு 22.04இல் ஆப்ட் தந்தது 4.1.1தான். நிலைத்தன்மைக்காக இப்படிப் பழைய பதிப்பிலேயே நிற்பது பல லினக்ஸ் வெளியீடுகளின் வழக்கம். புதியது உடனே வேண்டுமென்றால் நாமே தொகுத்துக்கொள்ளலாம். இரண்டாவது காரணம் இன்னும் முக்கியம்: நிரலில் ஒரு வரியைத் திருத்தினாலும், அது கணினியில் ஓட வேண்டுமானால் மறுபடி தொகுத்தே ஆக வேண்டும்.

வேலை நான்கு கட்டமாக நடக்கிறது. முதலில் கருவிகளும் சார்பு நூலகங்களும். சி++ தொகுப்பி, மேக், ஆட்டோகான்ஃப் ஆகியவை வேண்டும். படங்களைத் திறந்து கையாள லெப்டோனிகா என்ற நூலகம் வேண்டும். புதியவர்கள் பெரும்பாலும் இடறுவது இங்கேதான். லெப்டோனிகா கணினியில் ஏற்கெனவே இருக்கும். ஆனாலும் ‘காணவில்லை’ என்று பிழை வரும். காரணம், ஓடுவதற்கான நூலகம் வேறு, தொகுப்பதற்கு வேண்டிய தலைப்புக் கோப்புகள் வேறு. பின்னதைப் பெற, பெயரின் முடிவில் ‘டெவ்’ என்று வரும் பொதியைத் தனியாக நிறுவ வேண்டும்.

இரண்டாவது, ‘கிட்’ என்ற கருவி மூலம் மூலநிரலை இறக்கி, ஆட்டோகான்ஃபைக் கொண்டு ‘கான்ஃபிகர்’ என்ற சிறு நிரலை உருவாக்கி ஓட்டுவது. அது நம் கணினியில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று ஒவ்வொன்றாகச் சோதித்துத் திரையில் வரிவரியாகச் சொல்லும். கடைசி வரிகளைப் படிக்காமல் விடக் கூடாது. ஐசியு, பாங்கோ, கெய்ரோ நூலகங்கள் இல்லாவிட்டால், பயிற்சிக் கருவிகளைத் தொகுக்க முடியாது என்று அங்கேதான் சொல்லியிருக்கும். தமிழருக்கு இது சின்ன விஷயம் அல்ல. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான புத்தகங்களில் ணை, லை, ளை, னை எல்லாம் வேறு உருவில் இருக்கும். புது உருவில் பழகிய மென்பொருள் அங்கே தடுமாறும். பழைய உருவைப் பழக்க வேண்டுமானால், பழைய எழுத்துரு ஒன்றில் ஏராளமான மாதிரி வரிகளைப் படமாக்கிக் கொடுக்க வேண்டும். அந்த வரிகளைத் தமிழ் முறைப்படி கோத்து வரைவது பாங்கோதான்.

மூன்றாவது, ‘மேக்’. பெல் ஆய்வுக்கூடத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் 1976இல் எழுதிய கருவி இது. எந்தக் கோப்பு எதைச் சார்ந்தது என்று கணக்குப் பார்த்து, மாறியதை மட்டும் மறுபடி தொகுக்கும். ஒவ்வொரு சி++ கோப்பும் தனித்தனி இலக்குக் கோப்பாகும். கடைசியில் இணைப்பி எல்லாவற்றையும் சேர்த்து ஒரே நூலகமாக்கும். மேக் கட்டளைக் கோப்பில் செயல்வரி ஒவ்வொன்றும் டேப் குறியோடுதான் தொடங்க வேண்டும். வெறும் இடைவெளி விட்டால் பிழை. இது அசௌகரியம் என்று ஃபெல்ட்மனுக்கே சீக்கிரம் தெரிந்துவிட்டது. ஆனால் அதற்குள் பத்துப் பன்னிரண்டு நண்பர்கள் மேக்கைப் பயன்படுத்தத் தொடங்கியிருந்தார்கள். அவர்களுக்குத் தொந்தரவு வேண்டாமென்று அப்படியே விட்டுவிட்டார். அரை நூற்றாண்டாக உலகமே அந்த டேப்பை அடித்துக்கொண்டிருக்கிறது.

நான்காவது, ‘மேக் இன்ஸ்டால்’. தொகுத்தவற்றை அவற்றுக்கான கோப்புறைகளில் கொண்டுபோய் வைக்கும். முடிந்ததும் டெசராக்டைக் கூப்பிட்டால், நூலகத்தைத் திறக்க முடியவில்லை என்று அது அடம்பிடிக்கலாம். புதிதாக வந்த நூலகத்தை இயங்குதளம் இன்னும் தன் பட்டியலில் சேர்க்கவில்லை என்று பொருள். ‘எல்டிகான்ஃபிக்’ என்ற கட்டளை அதைச் சரிசெய்யும். அடுத்து, தமிழ் தெரியாது என்று சொல்லும். மூலநிரலோடு மொழித் தரவு வருவதில்லை. தமிழுக்கான பயிற்சிக் கோப்பைத் தனியாக இறக்கி, டெசராக்டின் தரவுக் கோப்புறையில் போட வேண்டும். அதன்பிறகு படிக்கும்.

தொகுத்தலில் எச்சரிக்கையும் வேண்டும். 2024 மார்ச் மாத இறுதியில், எக்ஸ்இசட் என்ற சுருக்கு மென்பொருளின் 5.6.0, 5.6.1 பதிப்புகளில் யாரோ கள்ளக்கதவு வைத்திருந்தது தெரியவந்தது. வேறொரு கணினியில் நுழைய வழக்கத்தைவிட அரை விநாடி கூடுதலாக ஆகிறதே என்று துருவிப் பார்த்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர்தான் அதைக் கண்டுபிடித்தார். கதவைத் திறக்கும் கண்ணி, எல்லோரும் பார்க்கும் கிட் களஞ்சியத்தில் இல்லை. வெளியீட்டுக்காகக் கட்டிவைத்த பொதியில், தொகுக்கும் நேரத்தில் ஓடும் சிறு நிரலுக்குள் ஒளிந்திருந்தது. மூலநிரல் திறந்திருந்தால் மட்டும் போதாது, அதைப் படிக்கவும் தொகுக்கவும் தெரிந்த ஆட்களும் வேண்டும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

எல்லாவற்றையும் மூலநிரலிலிருந்தே தொகுக்க வேண்டியதில்லை. அன்றாட வேலைக்கு ஆப்ட் தருவதே நல்லது. பாதுகாப்புத் திருத்தங்கள் தாமாக வந்துசேரும். நாமே தொகுத்ததற்கு நாம்தான் பொறுப்பு. முதல் முயற்சியை வீட்டுக் கோப்புறைக்குள்ளேயே நிறுவிக்கொண்டால், ஏதாவது குழம்பினாலும் கோப்புறையை அழித்துவிட்டு மறுபடி தொடங்கலாம். பிழைச் செய்திகள் குவிந்தால் கடைசிப் பிழையை விட்டுவிட்டு முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை பெரும்பாலும் அதன் விளைவுகளாகவே இருக்கும்.

துணைக்கு ஆள் இல்லையே என்ற கவலையும் வேண்டாம். காஞ்சி லினக்ஸ் பயனர் குழு தமிழிலேயே இணையவழிக் கலந்துரையாடல்களை நடத்திவருகிறது. எந்தக் கேள்வியையும் கூச்சமின்றிக் கேட்கலாம். 2012இல் தொடங்கிய ‘கணியம்’ மின்னிதழில் லினக்ஸ், பைத்தான் பாடங்கள் தமிழில் கிடைக்கின்றன. தமிழ் அச்சைப் பிழையின்றிப் படிக்கும் மென்பொருளை யாரோ ஒருநாள் செய்து தருவார்கள் என்று காத்திருக்க வேண்டாம். மூலநிரல் பொதுவில்தான் இருக்கிறது. ஒரு சனிக்கிழமை மாலையில் அதை இறக்கித் தொகுத்துப் பாருங்கள்.