பந்தய சைக்கிளின் ரிம் ஏன் பட்டையாக இருக்கிறது?

சைக்கிள் மணிக்கு 40 கி.மீ. வேகத்தில் ஓடும்போது, சக்கரம் தரையைத் தொடும் புள்ளி அந்தக் கணம் அசைவதே இல்லை. உச்சிப் புள்ளியோ 80 கி.மீ. வேகத்தில் முன்னே பாய்கிறது. வேகம் இரண்டு மடங்கானால் காற்றின் எதிர்ப்பு நான்கு மடங்கு! உச்சிக்கு வரும் ஒவ்வொரு ஸ்போக்ஸ் கம்பியும் அந்தக் காற்றைக் கிழித்தாக வேண்டும். 50 மி.மீ. உயரப் பட்டையுள்ள கார்பன் ரிம்மில் கம்பியின் நீளம் குறைகிறது, காற்றும் வழுக்கிப் போகிறது. சமதளத்தில் எடையைவிட இந்த வடிவமே முக்கியம். செங்குத்தான ஏற்றத்தில்தான் கிராம் கணக்கு. பக்கக்காற்று அடித்தால் பட்டை ரிம் முன்சக்கரத்தைத் திருப்பும், கவனம்.

பயிற்சிக்கு 32 கம்பி அலுமினிய ரிம் போதும். ஒரு கம்பி அறுந்தாலும் சக்கரம் அதிகம் கோணாது. கோட்டம் எடுத்து ஓட்டலாம். கார்பனைப் பந்தயத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்; முன்னதாக அதில் ஓட்டிப் பழகிவிடுங்கள்.