மூணு ஆம்பளைக்கு மேலே கூடாது!

கபடி தெரியும்தானே உங்களுக்கு? பாடிக்கொண்டு போகிறவன் எதிராளியைத் தொட்டுவிட்டுத் தப்பித்து வருவான். டச் ரக்பி அதற்கு நேர் உல்டா. பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுகிறவனை எதிராளி தொட்டுவிட்டால் போதும்... அங்கேயே பிரேக் போட்டாக வேண்டும். கட்டிப்பிடிக்கக் கூடாது, காலை வாரக் கூடாது, மேலே விழக் கூடாது. முதுகில் ஒரு விரல் பட்டாலும் டச். சட்டை நுனியில் பட்டாலும் டச். தலைமுடியில் பட்டாலும் டச்! (வழுக்கை ஆசாமிகளுக்கு இதில் ஒரு சின்ன அனுகூலம் உண்டு.)

தொட்டவுடன் பந்தைக் காலடியில் வைத்து, அதைத் தாண்டி ஒரு எட்டு வைக்க வேண்டும். பின்னால் நிற்கும் நம்ம ஆள் அதை எடுத்துக்கொண்டு ஓடலாம், இல்லை இன்னொருவருக்குக் கொடுக்கலாம். கொடுப்பதும் பக்கவாட்டில், இல்லையென்றால் பின்பக்கமாகத்தான். முன்னால் போட்டால் விசில்! இப்படி ஆறு டச் வரை நமக்கு அவகாசம். அதற்குள் எதிராளியின் கோட்டைத் தாண்டிப் பந்தைத் தரையில் வைத்தால் ஒரு பாயின்ட். ஆறாவது டச்சும் ஆகிவிட்டால் பந்து அவர்களுக்கு. 70 மீட்டர் நீளம், 50 மீட்டர் அகலம், பக்கத்துக்கு ஆறு பேர். அவ்வளவுதான் விளையாட்டு. கேட்க ஈஸியாக இருக்கிறதில்லையா? நானும் அப்படித்தான் நினைத்தேன்.

1960-களில் சிட்னியில், ரக்பி லீக் ஆடுகிறவர்கள் எலும்பு முறியாமல் பயிற்சி எடுக்கக் கண்டுபிடித்த வழி இது. பிறகு அதுவே தனி ஆட்டமாகி, 1988-ல் ஆஸ்திரேலியாவின் கோல்ட் கோஸ்ட்டில் முதல் உலகக் கோப்பை வரை போய்விட்டது. 2019-ல் மலேசியா, 2024 ஜூலையில் இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் என்று கோப்பை ஊர் ஊராகச் சுற்றுகிறது.

நாங்கள் போனது அதற்கில்லை. பயப்படாதீர்கள்.

நான் சிங்கப்பூரில் ஒரு கம்பெனியில் குப்பை கொட்டுகிறவன். ஆபீஸ் லிஃப்ட்டில் ஒருநாள் ஒரு நோட்டீஸ்: ‘டச் ரக்பி டீம். ஆண், பெண் இருபாலரும் சேரலாம். அனுபவம் தேவையில்லை.’ இருபாலரும் என்ற வார்த்தைதான் என்னை இழுத்தது என்று நீங்கள் சந்தேகப்பட்டால், தொப்பையைக் குறைக்கத்தான் போனேன் என்று சத்தியம் பண்ணத் தயார்! செவ்வாய்க்கிழமை சாயங்காலம் ஏழு மணிக்கு ஃபேரர் பார்க் மைதானத்தில் பயிற்சி. முடிந்ததும் நாலு தப்படி நடந்தால் தேக்காவில் பரோட்டா. குறைந்த தொப்பை பத்தே நிமிஷத்தில் பழையபடி வந்து உட்கார்ந்துகொள்ளும்.

டீமில் பதிமூன்று பேர். ஐந்து பெண்கள், எட்டு ஆண்கள். இங்கேதான் வில்லங்கம். மிக்ஸட் ஆட்டத்தில் ஒரு சட்டம் இருக்கிறது. மைதானத்தில் ஒரே நேரத்தில் மூன்று ஆண்களுக்கு மேல் கூடாது! ஆக, ஐந்து பெண்களில் மூன்று பேர் எப்போதும் ஓடிக்கொண்டே இருக்க வேண்டும். எட்டு ஆண்கள் மூன்று இடத்துக்கு, ரேஷன் கடை க்யூ மாதிரி காத்திருக்க வேண்டும். எப்போது வேண்டுமானாலும், எத்தனை தடவை வேண்டுமானாலும் ஆளை மாற்றிக்கொள்ளலாம் என்பது ஒன்றுதான் ஆறுதல்.

கேப்டன், சேல்ஸில் இருக்கும் நியூசிலாந்துக்காரர். ஆறடி இரண்டு அங்குலம். பள்ளிக்கூடத்திலேயே ரக்பி ஆடியவர். அந்தக் கடைசிக்கு இந்தக் கடைசி, அக்கவுன்ட்ஸ் அண்ணன். புதுக்கோட்டைக்காரர், வயது நாற்பத்தாறு. மூக்குக் கண்ணாடியைக் கயிறு போட்டுப் பின்மண்டையில் கட்டிக்கொண்டு ஆடுவார். ஓட்டம்... சரி, அதை விடுங்கள். ஆனால், ஒரு செவ்வாய்க்கிழமை கூட அவர் மட்டம் போட்டதில்லை. கோலாலம்பூரில் ஒரு டோர்னமென்ட் என்றதும் பஸ் பிடித்தது, ஹோட்டல் பேரம் பேசியது, தலைக்கு 180 வெள்ளி வசூல் பண்ணியது எல்லாம் அவர்தான். ஆபீஸ் கொடுத்தது வெறும் ஜெர்சி. அதுவும் எல்லாமே ஒரே சைஸ்!

2024 ஜூன். பள்ளிக்கூட விடுமுறை வேறு. வெள்ளிக்கிழமை ராத்திரி எட்டு மணிக்குப் புறப்பட்டோம். சிங்கப்பூரையும் ஜொகூரையும் இணைக்கிற கடல்பாலம் 1924 ஜூனில் திறக்கப்பட்டது. அதற்கு நூறு வயது நிறைகிற மாதம் அது. மொத்த நீளம் ஒரு கிலோமீட்டர் சொச்சம்தான். அதைத் தாண்ட எங்களுக்கு இரண்டே கால் மணி நேரம் ஆனது! சிங்கப்பூர் பக்கம் இறங்கி ஒரு முத்திரை, மறுபடி பஸ் ஏறி ஜொகூர் பக்கம் இறங்கி, மூட்டை முடிச்சோடு இன்னொரு முத்திரை. எங்கள் டீமில் ஐந்து நாட்டுப் பாஸ்போர்ட். 2023 டிசம்பரிலிருந்து இந்தியர்களுக்கு மலேசியா விசா கேட்பதில்லை என்பதால் எனக்கும் அண்ணனுக்கும் நிம்மதி. போனிலேயே முன்கூட்டி ஒரு வருகை அட்டை பூர்த்தி பண்ணினால் போதும். பதிமூன்று பேரும் பூர்த்தி பண்ணிவிட்டோமா என்று அண்ணன் மூன்று தடவை சரிபார்த்தார்.

கவுன்ட்டரில் இருந்த ஆபீசர் நம்ம தமிழர்.

“எதுக்கு வர்றீங்க?”

“ரக்பி ஆட, சார்” என்றார் அண்ணன்.

ஆபீசர் பாஸ்போர்ட்டைப் பார்த்தார். அண்ணனைப் பார்த்தார். கண்ணாடிக் கயிற்றைப் பார்த்தார். “பார்த்து ஆடுங்கண்ணே” என்று சொல்லி முத்திரை குத்தினார்.

ஏறக்குறைய 350 கிலோமீட்டர் பயணம். வடக்கு-தெற்கு நெடுஞ்சாலையில் நடுராத்திரி ஒரு நிறுத்தத்தில் ரொட்டி சானாயும் தே தாரிக்கும். நம்ம ஊர் ‘டீ ஆத்து’ம் கலைதான் அந்த தே தாரிக். ஹோட்டலில் படுத்தபோது மணி நாலு. எட்டரைக்கு முதல் ஆட்டம்.

மைதானம் பெட்டாலிங் ஜெயா பக்கம். போய் இறங்கினதுமே பகீரென்றது. மற்ற டீம்களெல்லாம் கூடாரம், ஐஸ் பெட்டி, மடக்கு நாற்காலி என்று கல்யாண வீடு மாதிரி இருந்தார்கள். எங்களிடம் இருந்தது ஒரே ஒரு பிளாஸ்டிக் கூடை நிறைய வாழைப்பழம்.

முதல் ஆட்டம் 7-1. இரண்டாவது 6-2. பெரிய நம்பர் எங்களுடையது இல்லை என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

டச் ரக்பியில் ஓடுவதைவிடக் கொடுமை ஒன்று உண்டு: பின்வாங்குவது! நாம் எதிராளியைத் தொட்டதும், அந்த இடத்திலிருந்து ஏழு மீட்டர் பின்னால் ஓடி, மறுபடி முன்னால் பாய வேண்டும். முன்னே, பின்னே, முன்னே, பின்னே... இரண்டு நிமிஷத்தில் நாக்கு தொங்கிவிடும். நாங்கள் பின்னால் போய்ச் சேருவதற்குள் அவர்கள் அடுத்த டச்சுக்கு வந்துவிடுவார்கள். அதுவும் எதிர் டீமில் ஒரு பெண் இருந்தாள் பாருங்கள், ஐந்தடி இருந்தால் அதிகம். நம்மைப் பார்த்துச் சிரிப்பாள். நாம் பதிலுக்குச் சிரித்து முடிப்பதற்குள் கோட்டுக்கு அந்தப் பக்கம் இருப்பாள்.

அன்று ராத்திரி பிரிக்ஃபீல்ட்ஸ் பக்கம் ஒரு மாமாக் கடையில் கேப்டன் ஆலோசனைக் கூட்டம் போட்டார்.

“நாளைக்கு ஜெயிக்கணும். ஆண்களில் வேகமான நாலு பேர் மட்டும் ஆடட்டும். மற்றவர்கள் தண்ணீர் பாட்டில் பார்த்துக்கொள்ளலாம்.”

நாலு பேரில் நானும் இருந்தேன். அதனால், மனசின் ஒரு ஓரம் குளிரத்தான் செய்தது. அண்ணன் ஒன்றும் பேசவில்லை. பையிலிருந்து ஒரு பெட்ரோல் பங்க் ரசீதை எடுத்து, அதன் பின்பக்கத்தைப் பார்த்தார்.

“நான் இன்னைக்கு முக்கால்வாசி நேரம் வெளியிலதானே உட்கார்ந்திருந்தேன்... சும்மா இருக்க முடியலை, கணக்கு எடுத்தேன். ரெண்டு ஆட்டத்துலயும் சேர்த்து நம்ம ஆளுங்க 84 பாஸ் கொடுத்திருக்காங்க. அதுல பொண்ணுங்களுக்குப் போனது 13.”

கடையில் திடீர் நிசப்தம். புரோட்டா தட்டும் சத்தம் மட்டும்தான்.

டிசைன் பிரிவுப் பெண் ஒருத்தி (சீனப் பெண், பேச்சில் காரம் அதிகம்) தட்டைத் தள்ளி வைத்தாள். “மூணு ஆம்பளைக்கு மேலே கூடாதுன்னு சட்டம் எதுக்கு இருக்கு? நாங்க ஓரத்துல நின்னு கை தட்டவா? இவர் பஸ் பிடிச்சார். இவரும் அதே 180 வெள்ளி கொடுத்தார். எட்டு பேரும் மாறி மாறி ஆடுங்க. பந்து எங்களுக்கும் வரணும். இல்லேன்னா, நாளைக்கு நாங்க அஞ்சு பேரும் ட்வின் டவர்ஸ் பார்க்கப் போறோம்.”

பெண்கள் இல்லாமல் மூன்று ஆண்களை வைத்துக்கொண்டு ஆறு பேரோடு மோத முடியுமா? கேப்டன் கொஞ்ச நேரம் முர்தபாக்கையே முறைத்துப் பார்த்தார். சேல்ஸ்காரர் அல்லவா, எந்தப் பேரத்தில் எப்போது இறங்கி வர வேண்டும் என்று அவருக்குத் தெரியும். “ஓகே” என்றார். முகம் மட்டும் ஓகே இல்லை.

ஞாயிறு காலை மூன்றாவது ஆட்டம். 5-3. இந்தத் தடவை பெரிய நம்பர் எங்களுடையது! ஐந்தில் மூன்றைப் போட்டவர்கள் பெண்கள். காரணம் பெரிய தந்திரம் ஒன்றுமில்லை. எதிர் டீம் ஆட்கள் எங்கள் கேப்டனையே சுற்றி நின்றார்கள். அவர் பந்தை ஓரத்துக்குத் தள்ளினார். அங்கே காவலுக்கு யாருமே இல்லை. நம்ம அலுவலகங்களிலும் மூலையில் உட்கார்ந்திருப்பவரிடம் ஃபைலைத் தள்ளினால் சட்டென்று முடியும் வேலைகள் நிறைய இருக்கின்றன... சரி சரி, ஆட்டத்துக்கு வருகிறேன்.

குரூப்பில் கீழே வந்தவர்களுக்காக ‘பவுல்’ என்று ஒரு கோப்பை. அதற்கு அரையிறுதி. மத்தியானம் வானம் கறுத்து, இடி இடித்து, முக்கால் மணி நேரம் எல்லோரையும் உள்ளே போகச் சொல்லிவிட்டார்கள். மறுபடி இறங்கியபோது புல்லெல்லாம் சொதசொத. 4-4. இரண்டு நிமிஷம்தான் பாக்கி. முறைப்படி அப்போது அண்ணனின் டர்ன். கேப்டன் வாட்சைப் பார்த்தார், வானத்தைப் பார்த்தார், பிறகு பேசாமல் வெளியே வந்து தன் இடத்தை அண்ணனுக்குக் கொடுத்தார். அந்த இடத்தில் நானாக இருந்திருந்தால் கொடுத்திருப்பேனா என்பது சந்தேகம்.

ஐந்து டச் முடிந்துவிட்டது. டிசைன் பெண் இடது ஓரமாகப் பாய்ந்தாள். இரண்டு பேர் அவளைத் தொட வர, கடைசி விநாடியில் பந்தை உள்பக்கம் தள்ளினாள். அங்கே நின்றது அக்கவுன்ட்ஸ் அண்ணன்! பிடித்தார். சேற்றில் வழுக்கினார், சமாளித்தார், கோட்டைத் தாண்டி விழுந்தபடியே பந்தைத் தரையில் வைத்தார். ரெஃப்ரீ விசில் ஊதிக் கையைத் தூக்கிவிட்டார். 5-4! நாங்கள் குதித்த குதியில் வாழைப்பழக் கூடை கவிழ்ந்தது.

அண்ணன் எழுந்தார். கண்ணாடியைத் துடைத்தார். நேராக ரெஃப்ரீயிடம் போனார்.

“சார், கோட்டுக்கு முன்னாடியே டச் ஆயிடுச்சு. இடுப்புல.”

ரெஃப்ரீ, எதிர் டீமின் அந்த ஐந்தடிப் பெண்ணைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள். பாயின்ட் வாபஸ். அது ஆறாவது டச் என்பதால் பந்தும் அவர்களுக்கு! எங்கள் ஆட்களில் பாதிப்பேர் இன்னும் மைதானத்தின் அந்தக் கோடியில் வாயைப் பிளந்து நிற்க, அவர்கள் மூன்றே பாஸில் இந்தக் கோடிக்கு வந்து வைத்துவிட்டார்கள். 4-5. விசில். முடிந்தது.

கேப்டன் இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் நின்றார். யாரும் கிட்டே போகவில்லை. கை குலுக்கும்போது அந்த ஐந்தடிப் பெண் அண்ணனிடம், “எனக்கே நிச்சயமாத் தெரியலை, விரல் பட்ட மாதிரி இருந்துச்சு” என்றாள்.

பஸ்ஸில் நான்தான் அவர் பக்கத்து சீட்.

“அண்ணே, ரெஃப்ரீயே கொடுத்துட்டாரு. நீங்க ஏன் வாயைத் திறந்தீங்க?”

“பட்டுச்சே தம்பி.”

“அந்தப் பொண்ணே கேட்கலையே!”

“வவுச்சர் இல்லேங்கறதுக்காக செலவு நடக்கலேன்னு எழுத முடியுமா? ராத்திரி தூக்கம் வராதுப்பா” என்று சொல்லிவிட்டு, அடுத்த நிமிஷமே குறட்டை விட்டார்.

பஸ் இரண்டு கட்சியானது. மனிதர் பண்ணினது முட்டாள்தனம் என்று நாலு பேர். விரல் பட்டதா இல்லையா என்பது தூரத்தில் நிற்கும் ரெஃப்ரீயைவிட ஆடுகிறவனுக்குத்தான் தெரியும், அதை நம்பித்தான் இந்த ஆட்டமே நடக்கிறது என்று டிசைன் பெண். எனக்கு அவள் பக்கம்தான் சாய்வு. ஆனாலும், அந்த 5-4 இன்னும் ரெண்டு நிமிஷம் நிலைத்திருக்கக் கூடாதா என்று இன்றைக்கும் அடித்துக்கொள்கிறது. கேப்டன் எந்தக் கட்சியிலும் சேரவில்லை. ஆயர் கெரோ தாண்டும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ஜொகூர் நெருங்கும்போது அண்ணன் விழித்து, பையிலிருந்து பதிமூன்று கவர்களை எடுத்து விநியோகித்தார். வரவு, செலவு, பஸ், ஹோட்டல், வாழைப்பழம் எல்லாம் பைசா சுத்தமாக எழுதி, தலைக்கு மிச்சம் 4 ரிங்கிட் 20 சென். கேப்டன் கவரில் மட்டும் ஒன்றும் இல்லை. வெறும் சீட்டு.

“இது என்ன? ‘கூடுதல் முர்தபாக் ஒன்று, கழிவு’ன்னு போட்டிருக்கு? நான் ஒண்ணுதானே சாப்பிட்டேன்!”

அண்ணன் ரசீதைப் பிரித்துக் காட்டினார். “சனிக்கிழமை ராத்திரி 10.42. ரெண்டாவது. வெங்காயம் வேண்டாம்னு சொல்லி வாங்கினீங்க.”

கேப்டன் ரசீதைப் பார்த்தார். டிசைன் பெண்ணைப் பார்த்தார். அவள் உதட்டைப் பிதுக்கினாள்.

“டச்” என்றார் கேப்டன், சீட்டை மடித்துப் பாக்கெட்டில் வைத்தபடி.