இல்லத்து இணையம்: மோடமும் ரவுட்டரும்

விழா மலருக்கு ஒரு கட்டுரை தருக என மலர்க் குழுவினர் பணித்தபொழுது, தமிழாசிரியராகிய எம்மிடமிருந்து அவர்கள் எதிர்பார்த்தது இலக்கியமோ இலக்கணமோ பற்றியதாகவே இருந்திருக்கும். யாமோ சுவரில் மாட்டும் ஒரு மின்பெட்டியைப் பற்றி எழுதத் துணிந்தோம். அதற்குக் காரணம் உண்டு. ஆசிரியர் ஓய்வறையிலும் பழைய மாணவர் இல்லங்களிலும் அண்மைக் காலத்தில் யாம் அடிக்கடி கேட்கும் முறைப்பாடு ஒன்றே: “காசு ஒழுங்காக் கட்டுறம், ஆனா உள்ளறையில நெற் வருகுதில்லை, சேர்.” இம்முறைப்பாடு பல வீடுகளிற் கொம்பனியாரின் கம்பியால் எழுவதன்று, நம் வீட்டுச் சுவர்களுக்குள்ளே எழுந்து அங்கேயே தீரக்கூடியது. இதனை யாம் எம் சொந்தக் காசை வீணாக்கியே அறிந்தோம்.

2020ஆம் ஆண்டு மார்ச் மாதத்திற் பாடசாலைகள் மூடப்பட்டன. எம் மகள் அப்பொழுது சாதாரணதரப் பரீட்சைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தாள். பாடங்கள் யாவும் இணைய வழியே நடைபெறலாயின. எமது வீடு பழைய வீடு: முன்னே விறாந்தை, அடுத்துக் கூடம், சாமியறை, அதற்கப்பால் இரண்டு அறைகள், கடைசியிற் குசினி. ரெலிபோன் கம்பி விறாந்தைச் சுவர் வழியாக உள்ளே வருவதால், இணைப்புத் தர வந்தவர் பெட்டியையும் அவ்விடத்திலேயே மாட்டிச் சென்றார். மகளின் அறைக்கும் அதற்கும் இடையே நான்கு சுவர்கள். கணித ஆசிரியரின் குரல் அங்கே துண்டு துண்டாகவே கேட்டது. ஆகவே அவள் புத்தகங்களுடன் விறாந்தைக்கு வந்தாள். கோழி கூவுதலும், வருவோர் போவோர் பேச்சும், வீதியிற் செல்லும் மோட்டார்ச் சைக்கிள்களின் ஓசையும் கலந்த இடத்திலேயே அவள் மாதக்கணக்கிற் படிக்க நேர்ந்தது.

வேகம் போதாமையே குறையென்று எண்ணிய யாம், கட்டணம் கூடிய பொதிக்கு மாறினோம். எட்டு மாதங்கள் அதனைச் செலுத்தினோம். ஆசிரியச் சம்பளத்தில் அஃது இலகுவான செலவன்று. பயனோ இல்லை. ஈற்றில், வலையமைப்புத் தொழில் செய்யும் எம் பழைய மாணவர் ஒருவர் வேறொரு காரியமாக வீட்டிற்கு வந்தார். அவர் தம் மடிக்கணினியை ஒரு வயரினாற் பெட்டியோடு நேரே தொடுத்து வேகத்தை அளந்தார். செக்கனுக்கு 14 மெகாபிட் காட்டியது. பின் வயரைக் கழற்றி, மகளின் அறைக்குச் சென்று அளந்தார். 1 மெகாபிட்தானும் நிலைத்து நிற்கவில்லை. “வாசல் வரைக்கும் ஒழுங்கா வருது, சேர். வீட்டுக்குள்ளதான் வழியில்லை” என்றார். யாம் வாசலுக்குக் கூடுதற் காசு கட்டிக்கொண்டிருந்தோம்.

விறாந்தையில் மாட்டிய அந்த ஒரு பெட்டிக்குள் உண்மையில் இரு கருவிகள் அடங்கியிருந்தன. ஒன்று மோடம், மற்றது ரவுட்டர். இவற்றுக்கு இணக்கி, திசைவி எனத் தமிழிற் பெயருண்டு, நல்ல பெயர்களே. ஆயினும் அப்பெயர்களைச் சொல்லிக் கடையிற் கேட்போர் வெறுங்கையோடு திரும்ப நேரும் என்பதால், வழக்கிலுள்ள சொற்களையே இங்கு ஆளுகின்றோம்.

மோடம் வெளிவாயிலிலே நின்று மொழிபெயர்க்கும் கருவியாகும். கணினியின் மொழி பூச்சியமும் ஒன்றும். வெளியே உள்ள ஊடகமோ கம்பியில் ஓடும் அலை, அன்றேல் வானொலி அலை, அன்றேல் ஒளி. அலையிற் செய்தியை ஏற்றுதல், ஏற்றியதைப் பிரித்தெடுத்தல் என்னும் இரு தொழில்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொற்களின் முன்பகுதிகள் சேர்ந்தே மோடம் என்னும் பெயர் பிறந்தது. 1962இல் அமெரிக்காவில் வெளிவந்த பெல் 103 என்னும் மோடம் செக்கனுக்கு 300 பிட் மாத்திரமே அனுப்பியது. பின்னர் வந்த ஏ.டி.எஸ்.எல். முறை, அதே செப்புக் கம்பியில் மனிதக் குரலுக்கு 4 கிலோஹேர்ட்ஸ் வரையுள்ள கீழ்ப்பகுதியை விட்டுவிட்டு, அதற்கு மேலேயுள்ள அகன்ற பகுதியிற் செய்தியைச் செலுத்துகின்றது. பேசிக்கொண்டே இணையத்தையும் பயன்படுத்த முடிவது இதனாலாம். ரெலிபோனுக்கு முன்னே பொருத்தும் சிறு பிரிப்பான் இவ்விரண்டையும் வேறாக்குகின்றது. ஒளியிழை இணைப்பில் வரும் பெட்டியைத் தொழில் அறிந்தோர் மோடம் என்று கூறார். எனினும் வாயிலில் நின்று ஒளியை மின்குறியாக மாற்றும் தொழில் அதனுடையதே. ஆதலின் இக்கட்டுரையில் அதனையும் மோடத்தின் இனமாகவே கொள்கின்றோம்.

ரவுட்டரின் தொழில் வேறு. எம் கல்லூரி விடுதியில் இருந்தோர் இதனை எளிதில் உணர்வர். ஊரிலிருந்து வரும் கடிதங்கள் யாவும் கல்லூரியின் ஒரே முகவரிக்கு வந்து சேரும். எந்தக் கடிதம் எந்த மாணவனுக்கு என்று பார்த்துக் கொடுப்பவர் விடுதி மேற்பார்வையாளர். இணையத்திற் பெரிதும் வழங்கும் பழைய முகவரி முறையில் ஏறத்தாழ 430 கோடி முகவரிகளே உள. உலகிலுள்ள கருவிகள் அனைத்திற்கும் அவை போதா. எனவே வீடு முழுவதற்கும் வெளியே ஒரு முகவரியும், உள்ளே ஒவ்வொரு கருவிக்கும் 192.168 எனத் தொடங்குவது போன்ற ஓர் உள்முகவரியுமாக வைத்து, எவர் எதனைக் கேட்டார், எவருக்கு எது வந்தது என்று கணக்குப் பார்த்துப் பகிர்ந்தளிப்பது ரவுட்டர். கேளாது வரும் அந்நியச் செய்தியை வாயிலிலேயே தடுப்பதும் அதன் கடன். இவற்றோடு வைபை என்னும் சிறு வானொலி நிலையமும் பெரும்பாலும் ரவுட்டரோடு சேர்ந்தே இருக்கும்.

இனி, இரண்டையும் ஏன் வேறாக்க வேண்டும்? கடைக்காரர் வேகம் கூடும் என்பார். எமது விடை அஃதன்று. இரண்டும் இருக்க விரும்பும் இடங்கள் வேறு. மோடம் கம்பி நுழையும் இடத்தில் இருத்தல் வேண்டும். 4ஜி இணைப்பாயின், கோபுரத்தை நோக்கிய யன்னலருகே, கூடியவரை உயரத்தில் இருத்தல் வேண்டும். வைபை வீசும் ரவுட்டரோ வீட்டின் நடுவே, மனிதர் இருந்து படிக்கும் இடத்தருகே இருத்தல் வேண்டும். இரண்டையும் ஒரே பெட்டிக்குள் அடைத்துவிட்டால், ஒன்றன் இடத்திற்காக மற்றதைப் பலியிடுவதன்றி வேறு வழியில்லை. விறாந்தையில் மாட்டிய பெட்டி தன் அலையிற் பாதியை வீதிக்கும் முற்றத்து வேம்புக்குமே அளித்துக்கொண்டிருக்கும்.

நம் நாட்டுச் சுவர்களும் அலைக்கு எளிதில் வழிவிடா. சீமெந்துக் கல்லும், பழைய வீடுகளின் தடித்த சுண்ணக்கற் சுவரும், கம்பி இட்ட கொங்கிறீற்றுத் தட்டும் அலையை விழுங்கும். உருக்கு அலுமாரியும் குளிர்சாதனப் பெட்டியும் அதனைத் திருப்பியடிக்கும். வைபை பெரும்பாலும் 2.4 கிகாஹேர்ட்ஸ், 5 கிகாஹேர்ட்ஸ் என்னும் இரு அலைவரிசைகளில் இயங்கும். முன்னையது சுவரை ஓரளவு ஊடுருவும். ஆனால் அயல்வீட்டு வைபையும் மைக்ரோவேவ் அடுப்பும் அதே இடத்தில் நெருங்கி நிற்கும். பின்னையது விரைவானது, இரண்டாவது சுவரிலேயே தளர்ந்துவிடும். ஆகையாற் பெட்டியின் வலிமையைக் கூட்டுவதிலும் அதன் இடத்தை மாற்றுவதே பெரும் பயன் தரும். ஆறு அன்ரெனா, எட்டு அன்ரெனா என்று எண்ணிக் காட்டி விற்பவரிடம் சற்று எச்சரிக்கையாக இருத்தல் நன்று.

இவற்றின் ஆயுளும் வேறு. வாயிற் பெட்டி இணைப்பின் வகை மாறும்வரை பயன்படும். வைபையின் தரமோ 2009, 2013, 2021 எனச் சில ஆண்டுகளுக்கொரு முறை புதுப்பிக்கப்பட்டு வந்துள்ளது. வேறாக இருப்பின், செப்புக் கம்பி நீங்கி ஒளியிழை வரும்பொழுது ரவுட்டர் நிலைக்கும். ரவுட்டர் பழையதாகும்பொழுது வாயிற் பெட்டி நிலைக்கும். பாதுகாப்பும் இங்கே அடங்கும். 2016 நவம்பரில் ஜேர்மனியில் ஏறத்தாழ 900,000 வீடுகளின் ரவுட்டர்கள் ஒரு தீய மென்பொருளின் தாக்குதலால் நிலைகுலைந்தன. செய்வோர் திருத்தம் வெளியிடுவதை நிறுத்திவிட்ட ரவுட்டரை வைத்திருத்தல், பூட்டுப் பழுதான கதவை வைத்திருத்தலை ஒக்கும்.

குறைகளையும் மறையாது சொல்லவேண்டும். இரு பெட்டிகளுக்கு இரு மின்செருகிகள் வேண்டும். 2022இல் நாளொன்றுக்கு 13 மணித்தியாலம் வரை மின் தடைப்பட்ட காலத்தில், சிறு மின்கலப் பெட்டி ஒன்றால் ரவுட்டரை மாத்திரம் உயிரோடு வைத்திருந்த நண்பர் ஒருவர், வைபை அடையாளம் நிறைவாகத் தெரிய இணையம் மாத்திரம் வராதது ஏனென்று எம்மைக் கேட்டார். அவரது மோடம் விறாந்தையில் உறங்கிக்கொண்டிருந்தது! பழுது வரும்பொழுது கொம்பனியார், “உங்கட ரவுட்டர்தான் பிழை” என்று கூறி ஒதுங்கிக்கொள்ளலும் உண்டு. சித்திரையிலும் ஐப்பசியிலும் வரும் இடியைப் பொறுத்தவரை, செப்புக் கம்பி வழி வரும் மின்தாக்கத்தை மோடம் முதலில் ஏற்றுக்கொள்ளும். ஆனால் அத்தோடு நின்றுவிடும் என்று நம்புதல் கூடாது. இணைக்கும் வயர் வழியே ரவுட்டருக்கும் செல்லக்கூடும். வானம் இருண்டாற் கம்பியைக் கழற்றிவிடுதலே சரி.

செய்முறைக்கு வருவோம். முதலில், எம் மாணவர் செய்தவாறு, வயரில் ஒருமுறையும் அறையில் ஒருமுறையும் அளந்து பார்க்க. வயரிலேயே வேகம் குறைவாயின் எந்த ரவுட்டரும் அதனைக் கூட்டாது, கொம்பனியாரிடமே முறையிடுக. சிறிய வீட்டில் இரண்டும் ஒத்திருப்பின் ஒன்றும் வாங்காது விடுக. வேறுபாடு மிகுதியாயின் மாத்திரம் கைப்பணத்தை எடுக்கலாம்.

ஒளியிழைப் பெட்டியை அகற்றிவிட்டுத் தம் ரவுட்டரைப் பொருத்தலாம் என்று சிலர் எண்ணுவர். அது கூடாது, பல இணைப்புகளில் ரெலிபோனும் தொலைக்காட்சியும் அதன் வழியாகவே வருவன. அப்பெட்டியை இருந்தவாறே விட்டு, அதிலிருந்து ஒரு வயரை வீட்டின் நடுவுக்குக் கொண்டுசென்று, அங்கே ரவுட்டரைத் தொடுத்தல் வேண்டும். கொம்பனியார் இசைந்தாற் பழைய பெட்டியைப் பிரிட்ஜ் நிலைக்கு மாற்றலாம்; அப்பொழுது அது மோடத்தின் தொழிலை மாத்திரம் செய்யும். செப்புக் கம்பி இணைப்பில் இவ்வாறு மாற்றுமுன், இணைப்பிற்குரிய பயனர் பெயரையும் கடவுச்சொல்லையும் கேட்டு எழுதிக்கொள்ளல் வேண்டும். புதிய ரவுட்டர் அவற்றைக் கேட்கும். இசையாவிடின் கவலையில்லை. புதிய ரவுட்டரை அக்சஸ் பொயின்ற் நிலையில் வைத்து, பழைய பெட்டியின் வைபையை நிறுத்திவிடலாம். அவ்வாறு செய்யாது இரு ரவுட்டர்களும் முகவரிக் கணக்குப் பார்க்குமாயின், பாடம் கேட்டலுக்கு இடையூறில்லை. வெளிநாட்டிலிருந்து வீட்டுக் கமராவைப் பார்க்க முயலும் மகனுக்கே சிக்கல் தோன்றும்.

இவ்வயர் 100 மீற்றர் வரை செல்லலாம். எந்த வீட்டிற்கும் இது போதும். ரவுட்டர் வாங்குகையில் வயர்த் துளைகள் 1,000 மெகாபிட் உடையனவா என்று நோக்குக. 100 மெகாபிட் துளையுடைய மலிவான கருவி, அதற்கு மேற்பட்ட ஒளியிழைப் பொதியை அவ்விடத்திலேயே மறித்துவிடும். சுவரிற் செருகும் அலைபெருக்கி மலிவானதே. ஆயின் அவ்வகையிற் பல, கேட்பதும் திரும்பச் சொல்வதும் ஒரே அலையிலாதலால் வேகத்தில் ஏறத்தாழப் பாதியை இழப்பன. வயர் இழுக்க முடியாத வீட்டிற்கே அதனை விதிப்போம்.

கடல் கடந்து வாழும் பழைய மாணவர்க்கு ஒரு சொல். ஜேர்மனியில் 2016 ஓகஸ்ட் முதல், தாம் விரும்பிய மோடத்தையும் ரவுட்டரையும் பொருத்தும் உரிமை சட்டத்தால் உறுதியாக்கப்பட்டுள்ளது. வட அமெரிக்காவிலும் மாத வாடகைப் பெட்டியை ஏற்குமுன், சொந்தப் பெட்டி ஏற்கப்படுமா என்று கேட்டல் இலாபம் தரும்.

எம் வீட்டில் 15 மீற்றர் வயர் முகட்டு வழியே சென்றது. ரவுட்டர் கூடத்துச் சுவரின் உயரத்தில் அமர்ந்தது. மகளின் அறையில் 11 மெகாபிட் நிலையாக வந்தது. 2021 மார்ச்சில் நடைபெற்ற பரீட்சைக்கு முந்திய வாரங்களை அவள் கதவைச் சாத்திக்கொண்டு தன் அறையிலேயே படித்தாள். யாமும் பழைய பொதிக்குத் திரும்பினோம். குறைந்த கட்டணம் ஏழு மாதத்தில் ரவுட்டரின் விலையை மீட்டுத் தந்தது. மின் தடைப்பட்டு மீண்டபின் இணையம் வராதிருந்தால் இரண்டையும் நிறுத்தி, மோடத்தை முதலில் இயக்கி, அதன் விளக்குகள் நிலைபெறும்வரை இரண்டொரு நிமிடம் காத்திருந்து, அதன் பின்னரே ரவுட்டரை இயக்குகின்றோம். இம்முறையை ஒரு தாளில் எழுதி மோடத்தின் அருகே ஒட்டியிருக்கின்றோம். யாம் கல்லூரியில் இருக்கும் வேளைகளில் வீட்டார் தொலைபேசியில் அழைப்பது அதன்பின் நின்றுவிட்டது.