கட்டற்ற இயங்குதளம்: நோண்டிப் பார்க்கும் பொழுதுபோக்கில் தமிழாசிரியருக்கு என்ன இருக்கிறது?



உங்கள் வீட்டிலும் ஒரு பழைய மடிக்கணினி இருக்கும். அலமாரியின் மேல்தட்டில், சார்ஜர் வயரைச் சுற்றி, தூசி படிந்து கிடக்கும். போன ஆண்டு என் படிவம் நான்கு மாணவி ஒருத்தி அப்படி ஒன்றை வகுப்புக்குத் தூக்கிக்கொண்டு வந்தாள். “டீச்சர், அண்ணன் யூஸ் பண்ணது. ஆன் ஆகவே கால் மணி நேரம் ஆவுது. கடையில கேட்டா புதுசு வாங்கச் சொல்றாங்க.” அப்பா லாரி ஓட்டுகிறார். ‘புதுசு’ என்பது அந்த வீட்டில் சுலபமாகச் சொல்லிவிடக்கூடிய வார்த்தை இல்லை.

அந்தக் கணினி இன்று ஓடுகிறது. மென்பொருளுக்கு ஒரு வெள்ளிகூடச் செலவில்லை. அதில் என்ன மாற்றினோம், அதற்கும் தமிழ்ப் பாடத்துக்கும் என்ன தொடர்பு என்பதைத்தான் இந்தக் கட்டுரையில் விளக்கப் போகிறேன்.

இயங்குதளம் என்பது என்ன?

ஒரு பள்ளியை நினைத்துக்கொள்ளுங்கள். எந்த வகுப்புக்கு எந்த அறை, யாருக்கு எத்தனை பாடவேளை, மண்டபத்தின் சாவி யாரிடம் என்பதையெல்லாம் அலுவலகம் முடிவு செய்கிறது. கணினியில் அந்த வேலையைச் செய்வது இயங்குதளம். நினைவகம், வன்தட்டு, விசைப்பலகை, திரை ஆகியவற்றைப் பங்கிட்டுக் கொடுக்கும் நடுப்பகுதிக்குக் ‘கருவம்’ என்று பெயர். வின்டோஸ், மேக் ஓஎஸ், லினக்ஸ் எல்லாம் இந்த வகையில் வருபவை.

அந்த மாணவியின் கணினியில் இருந்தது வின்டோஸ் 10. அதற்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் நாளோடு முடிந்தது. அடுத்ததான வின்டோஸ் 11, பழைய செயலிகள் பலவற்றை ஏற்பதில்லை. பெட்டி நன்றாக இருந்தும் ‘காலாவதி’ ஆகிவிடுகிறது. லினக்ஸ் உதவும் இடம் இதுதான்.

‘இலவசம்’ வேறு, ‘கட்டற்ற’ வேறு

ஆங்கிலத்தில் ‘ஃப்ரீ’ என்ற ஒரே சொல் இரண்டு பொருளைச் சுமக்கிறது. மலாயில் அந்தக் குழப்பம் இல்லை: காசில்லாதது ‘பெர்ச்சுமா’, கட்டுப்பாடில்லாதது ‘பெபாஸ்’. தமிழிலும் அப்படித்தான். இலவச மென்பொருள் என்றால் பணம் கேட்காதது. கட்டற்ற மென்பொருள் என்றால் நமக்கு நான்கு உரிமைகளைத் தருவது: விரும்பிய வேலைக்குப் பயன்படுத்தலாம், உள்ளே எப்படி வேலை செய்கிறது என்று படித்து மாற்றலாம், படியெடுத்துப் பிறருக்குக் கொடுக்கலாம், மாற்றியதையும் பகிரலாம். உள்ளே படிக்க வேண்டுமானால் ‘மூலநிரல்’ திறந்திருக்க வேண்டும். கட்டற்ற மென்பொருளில் அது திறந்தே இருக்கும்.

இந்தக் கொள்கையோடு ரிச்சர்ட் ஸ்டால்மன் 1983-இல் அமெரிக்காவில் குனு திட்டத்தை அறிவித்தார். 1991 ஆகஸ்டில் பின்லாந்தின் ஹெல்சின்கி பல்கலைக்கழக மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ், 21 வயதில், தாம் ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருப்பதாக இணையத்தில் தெரிவித்தார். வெறும் பொழுதுபோக்குத்தான், பெரிதாக வராது என்றும் சேர்த்துக்கொண்டார். அடுத்த ஆண்டு அதைக் குனுவின் பொது உரிமத்தின் கீழ்க் கொண்டுவந்தார். அந்தப் பொழுதுபோக்குத்தான் இன்று ஒவ்வோர் ஆண்ட்ராய்டு கைப்பேசியின் கருவம். உலகின் அதிவேகக் கணினிகள் 500-இன் பட்டியலில், 2017 நவம்பரிலிருந்து அத்தனையும் லினக்ஸில்தான் ஓடுகின்றன.

கருவத்தோடு தேவையான மென்பொருள்களையும் சேர்த்துக் கட்டித் தரும் தொகுப்புக்கு ‘வழங்கல்’ என்று பெயர். டெபியன் (1993), உபுண்டு (2004), லினக்ஸ் மின்ட் (2006) ஆகியவை பலரும் அறிந்தவை. மாணவியின் கணினியில் நாங்கள் போட்டது மின்ட்டின் எடை குறைந்த வகை.

நோண்டுவதில் என்ன சுகம்?

எனக்கு இந்தப் பழக்கம் பட்டயப் படிப்புக் காலத்தில் தொற்றியது. வழங்கலைப் பென்டிரைவில் ஏற்றிக் கணினியை அதிலிருந்தே இயக்கலாம். வன்தட்டைத் தொடவே வேண்டாம். பிடிக்காவிட்டால் பென்டிரைவைக் கழற்றிவிட்டு மறுபடி இயக்கினால் கணினி பழையபடி இருக்கும். கடையில் சட்டையைப் போட்டுப் பார்ப்பது மாதிரி. ஒரு சனிக்கிழமை உபுண்டு, அடுத்த வாரம் டெபியன் என்று மாற்றி மாற்றிப் பார்த்தேன். திரையின் தோற்றத்தை மாற்றுவேன், எதையாவது கெடுப்பேன், ஏன் கெட்டது என்று தேடுவேன். சரியாகிவிட்டால் அன்றைக்குச் சோறு நன்றாக இறங்கும்.

அடியும் பட்டிருக்கிறேன். ஓர் இரவு, நிறுவும்போது எந்த வட்டு என்று சரியாகப் பார்க்காமல் ‘ஆம்’ என்று அழுத்திவிட்டேன். பட்டயப் படிப்புக்காக இரண்டு மாதம் சேர்த்த குறிப்புகள் அழிந்தன. குற்றம் முழுக்க என்னுடையது, படியெடுத்து வைக்கவில்லை. அதனால்தான் சொல்கிறேன்: நிறுவுவதற்கு முன் கோப்புகளை வேறொரு வட்டில் எடுத்து வையுங்கள். பிறகு நோண்டுங்கள்.

ஒரு குறுந்தட்டும் ஒரு கொம்பும்

இந்தப் பொழுதுபோக்கு என் தொழிலுக்கு உதவும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. கிள்ளானிலிருந்து கம்யூட்டர் ரயிலேறி கேஎல் சென்ட்ரலில் இறங்கினால் பிரிக்பீல்ட்ஸ் நடக்கும் தூரம். அங்கே வசிக்கும், பணி ஓய்வு பெற்ற தமிழாசிரியை ஒருவரைப் பார்க்கப் போயிருந்தேன். “பல வருஷத்துக் கேள்வித்தாளும்மா. இப்போ எதிலயும் திறக்க மாட்டேங்குது” என்று ஒரு குறுந்தட்டைக் கையில் கொடுத்தார். வீட்டுக்கு வந்து போட்டுப் பார்த்தேன். திறந்தது, ஆனால் ஓர் எழுத்தும் தமிழாக இல்லை. தலையில் புள்ளி வைத்த ஐரோப்பிய எழுத்துகளும் தலைகீழ் வியப்புக்குறிகளுமாக இருந்தது.

காரணம் ‘குறியாக்கம்’. கணினிக்கு எழுத்து தெரியாது, எண் மட்டுமே தெரியும். எந்த எண் எந்த எழுத்து என்ற உடன்பாடுதான் குறியாக்கம். அந்தக் கேள்வித்தாள்கள் ‘திஸ்கி’ என்ற குறியாக்கத்தில் இருந்தன. 1990களின் இறுதியில், பல நாட்டுத் தமிழ் ஆர்வலர்கள் மின்னஞ்சல் வழியாகவே விவாதித்து உருவாக்கிய உடன்பாடு அது. நாம் இன்று பயன்படுத்துவது யூனிகோட். இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைப் பாருங்கள். இதில் இலக்கணமே இருக்கிறது.

‘கொ’ என்று கையால் எழுதும்போது முதலில் கொம்பு, பிறகு ‘க’, கடைசியில் கால் போடுகிறோம். திஸ்கியும் அப்படியே மூன்று துண்டாக, கண்ணில் படும் வரிசையில் வைத்துக்கொள்கிறது. யூனிகோடோ முதலில் ‘க’, அடுத்து ஒகரக் குறி என்று இரண்டாக, ஒலிக்கும் வரிசையில் வைக்கிறது. கொம்பை இடப்பக்கமும் காலை வலப்பக்கமும் பிரித்துப் போடுவது திரையில் காட்டும் மென்பொருளின் வேலை. லினக்ஸில் அதைச் செய்வது ‘ஹார்ஃப்பஸ்’ என்ற கட்டற்ற நிரல்.

இன்னொன்றும் கவனியுங்கள். நாம் வகுப்பில் க் + அ = க என்று கற்பிக்கிறோம். யூனிகோட் அதைத் திருப்பிப் போட்டு, ‘க’வை அடிப்படையாக வைத்துப் புள்ளியைச் சேர்த்தால் ‘க்’ என்கிறது. படிவம் நான்கில் இதைச் சொன்னபோது, “அப்போ கணினிக்குத் தமிழ் இலக்கணம் தெரியாதா டீச்சர்?” என்று ஒரு பையன் கேட்டான். உயிர்மெய்ப் புணர்ச்சியைப் பற்றி அந்த வகுப்பு அவ்வளவு ஆர்வமாகப் பேசியது அதுவே முதல் தடவை.

சரி, கேள்வித்தாள் என்ன ஆனது? லினக்ஸில் ‘ஐகான்வ்’ என்ற சிறிய கருவி கூடவே வருகிறது. ஒரு குறியாக்கத்திலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுவது அதன் வேலை. அதற்குத் திஸ்கியும் தெரியும்! யாரோ ஒருவர், சில ஆயிரம் பேருக்குப் பயன்பட்டால் போதும் என்று அதை எழுதிச் சேர்த்திருக்கிறார். கோப்புகளை வெறும் உரையாகச் சேமித்து மாற்றினேன். சில கோப்புகள் பாதியில் நின்றன. இடையில் கலந்திருந்த வேற்றுக் குறிகளை நீக்கியதும் ஓடின. திரையில் ‘பிரித்தெழுதுக’ என்று தமிழில் வந்த அந்த நிமிடம் வீட்டில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.

உங்கள் பள்ளியிலும் இப்படிப்பட்ட கோப்புகள் இருக்கலாம். எல்லாமே திஸ்கியாக இருக்காது. வேறு பழைய எழுத்துருக்களுக்கு வேறு மாற்றிகள் தேவை. ஆனால் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

இந்த வேலை நமக்குப் புதிதல்ல

தமிழ்க் கணிமையில் மலேசியாவுக்குத் தனி இடம் உண்டு. முத்து நெடுமாறன் 1985-இல் தொடங்கிய முரசு மென்பொருள் இங்கே பிறந்தது. தமிழ் இணைய மாநாடு 2001-இல் கோலாலம்பூரிலும், 2013-இல் மலாயாப் பல்கலைக்கழகத்திலும் நடந்தது. முரசு கட்டற்ற மென்பொருள் அல்ல. ஆனாலும் ‘நம் மொழிக்கு நாமே செய்வோம்’ என்ற எண்ணம் ஒன்றுதான்.

லினக்ஸின் தமிழ்ப் பட்டிகளும் தன்னார்வலர்கள் மொழிபெயர்த்தவையே. முழுமையாக இல்லை, அங்கங்கே ஆங்கிலம் எட்டிப் பார்க்கும், சில சொற்கள் இடறும். குறை சொல்லிவிட்டு நகரலாம். அல்லது நல்ல சொல்லை நாமே பரிந்துரைத்து அனுப்பலாம். அந்த வாசல் திறந்திருக்கிறது. சொல்லாக்கம் தெரிந்த தமிழாசிரியர்கள் அந்தப் பக்கம் அதிகம் போவதில்லை என்பதுதான் என் ஆதங்கம்.

தொடங்க நினைப்பவர்களுக்கு

1. பழைய கணினியில் தொடங்குங்கள். லினக்ஸ் மின்ட்டுக்குக் குறைந்தது 2 ஜிபி நினைவகம் வேண்டும். 4 இருந்தால் நல்லது.
2. முதலில் பென்டிரைவிலிருந்து இயக்கி, வைஃபை, ஒலி, திரை எல்லாம் சரியா என்று பாருங்கள். பிறகு நிறுவுங்கள்.
3. தமிழில் தட்டச்சு செய்ய, ‘ஐபஸ்’ உள்ளீட்டு முறையோடு ‘எம்17என்’ தொகுப்பைச் சேருங்கள். தமிழ்99, ஒலியியல், தட்டச்சுப்பொறி முறைகள் கிடைக்கும்.
4. ஆவணங்களுக்கு லிப்ரேஆஃபிஸ் இருக்கிறது. டெலிமா உலாவியிலேயே திறக்கும். ஆனால் வின்டோஸுக்கென்றே எழுதிய சில மென்பொருள்கள் ஓடா. அவை கட்டாயம் தேவைப்படுபவர்கள் அவசரப்பட்டு மாற வேண்டாம்.
5. தமிழில் படிக்க, 2012 முதல் வெளிவரும் ‘கணியம்’ மின்னிதழ் நல்ல துணை.

வகுப்பறைக்கு

*சொற்களஞ்சியம்:* இயங்குதளம், கருவம், மூலநிரல், உரிமம், வழங்கல், குறியாக்கம், உள்ளீட்டு முறை.

*வினாக்கள்:*
1. ‘இலவசம்’, ‘கட்டற்ற’ ஆகிய சொற்களுக்கு இடையிலான பொருள் வேறுபாட்டை எடுத்துக்காட்டுடன் விளக்குக.
2. ‘கொ’ என்னும் எழுத்தைத் திஸ்கியும் யூனிகோடும் எவ்வாறு சேமிக்கின்றன?
3. ‘பழைய கணினிகளைப் புதுப்பித்துப் பயன்படுத்துவதன் நன்மைகள்’ என்னும் தலைப்பில் கருத்து விளக்கக் கட்டுரை எழுதுக.

மாணவர்களுக்கு ஒரு குறிப்பு: மூன்றாவது வினாவுக்கு ‘தொழில்நுட்பம் வளர்ந்துவிட்டது’ என்ற வழக்கமான முன்னுரையோடு தொடங்காதீர்கள். உங்கள் வீட்டு அலமாரியின் மேல்தட்டிலிருந்து தொடங்குங்கள். அந்த மாணவி அப்படித்தான் எழுதினாள். அந்தக் கட்டுரையை அண்ணனின் பழைய கணினியிலேயே, தமிழ்99-இல் தட்டச்சு செய்து கொண்டுவந்து கொடுத்தாள்.