அத்தோ யாருடைய உணவு?

ராயபுரம், பாரிமுனைப் பக்கம் மாலையானால் தள்ளுவண்டிகளில் பிசைந்து தரும் அத்தோவை இன்னும் ‘பர்மா சாப்பாடு’ என்றே சொல்கிறோம். பிறப்பு அங்கேதான். 1962-ல் பர்மாவில் ராணுவ ஆட்சி வந்து, கடைகளும் தொழில்களும் நாட்டுடைமையானபோது, தலைமுறைகளாக அங்கே வாழ்ந்த தமிழர்கள் கப்பலேறிச் சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கினார்கள். வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் குடியேறினார்கள். கடற்கரை ரயில் நிலையத்தருகே பர்மா பஜாரை எழுப்பினார்கள். சொத்தையெல்லாம் இழந்து வந்த பலருக்குக் கைப்பக்குவமே முதலாயிற்று.

நூடுல்ஸ், முட்டைக்கோஸ், பொரித்த வெங்காயம், புளித்தண்ணீர், பூண்டு எண்ணெய், நொறுக்கிய பேஜோ (பொரித்த மொறுமொறு தட்டை), தூக்கலாக மிளகாய்த்தூள்: இதுதான் நம்மூர் அத்தோ. அதே கடைகளில் கிடைக்கும் இன்னொரு பர்மா உணவான மொஹிங்கா, பர்மாவில் மீன் சாற்றில் கொதிப்பது. இங்கே பல கடைகளில் அது மீனில்லாத வாழைத்தண்டு சூப். ‘அப்படியென்றால் இது அசலே இல்லையே’ என்பார்கள் சிலர். அசல் என்பதற்கு அதுவே அளவுகோலானால், மெக்சிகோவின் ‘டாக்கோஸ் அல் பாஸ்தோர்’ என்னவாகும்? லெபனானிலிருந்து குடியேறியவர்கள் செங்குத்துக் கம்பியில் சுட்ட ஆட்டிறைச்சி, அந்த மண்ணில் பன்றி இறைச்சியாகி, மிளகாய் மசாலாவும் சோளரொட்டியும் சேர்ந்து உருவான உணவு அது. அதை மெக்சிகோ உணவு என்றுதான் உலகம் ஏற்கிறது. மெக்சிகோ மண்ணில் விளைந்து, போர்ச்சுகீசியர் வழியாக நம்மிடம் வந்த மிளகாய் இல்லாமல் காசிமேட்டு மீன்குழம்பே இல்லை. அத்தோவுக்கும் அதே நியாயம் வேண்டும்: வடசென்னையின் வட்டாரச் சமையலை எழுதுகிறவர்கள் நெத்திலி வறுவலுக்கு அடுத்த வரியில் அதைச் சேர்க்கட்டும்.