மூடியில் நேரம் எழுதுங்கள்: வீட்டுச் சமையலை விற்பவர்களுக்கும் வாங்குபவர்களுக்கும்

"நாளைக்கு மட்டன் பெரட்டல், கத்திரிக்காய் பச்சடி, ரசம். பொட்டலம் 14 வெள்ளி. காலையில 9 மணிக்குள்ள சொல்லிடுங்க." கிள்ளான், பிரிக்பீல்ட்ஸ் வட்டாரப் புலனக் குழுக்களில் இப்படி ஓர் அறிவிப்பு இல்லாத நாள் அபூர்வம். 2020 மார்ச் 18இல் மலேசியாவில் கொரோனாவுக்காக நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை தொடங்கியபோது, வருமானம் நின்றுபோன பல குடும்பங்களை வீட்டு அடுப்புதான் காப்பாற்றியது. ஆணை போய்விட்டது, அந்தத் தொழில் நிலைத்துவிட்டது. நம் பெண்கள் தம் கைப்பக்குவத்தால் சம்பாதிப்பது எனக்குப் பெருமையாக இருக்கிறது. அந்தப் பிழைப்பு ஒரே நாளில் பறிபோகக் கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

வீடும் ஒரு கடைதான்

"வீட்டுலதானே சமைக்கிறேன், எனக்கு எதுக்கு லைசென்சு?" என்று கேட்பவர்கள் உண்டு. காசுக்கு விற்றால் அந்த அடுப்படி உணவுக்கடைதான். 1983ஆம் ஆண்டின் உணவுச் சட்டமும் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகளும் அதற்கும் பொருந்தும்.

விற்கத் தொடங்கும் முன் மூன்று காரியங்களை முடித்திருக்க வேண்டும். முதலாவது, சுகாதார அமைச்சு அங்கீகரித்த பள்ளியில் உணவு கையாள்வோர் பயிற்சி. சில மணி நேரத்தில் முடிந்துவிடும். அடுத்தது டைபாய்டு தடுப்பூசி. பக்கத்து கிளினிக்கிலேயே போடலாம், 3 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். மூன்றாவது, அமைச்சின் ஃபோசிம் இணையத்தளத்தில் சமைக்கும் இடத்தைப் பதிவு செய்வது. அதற்குக் கட்டணம் கிடையாது. இவற்றைச் செய்யாமல் விற்றால் விதிமுறைப்படி 10,000 வெள்ளி வரை அபராதமோ 2 ஆண்டு வரை சிறையோ கிடைக்கலாம். விற்ற உணவு உடலுக்குக் கேடு விளைவிப்பது என்று நிரூபணமானால் தண்டனை இன்னும் பெரிது: 1,00,000 வெள்ளி வரை அபராதம், 10 ஆண்டு வரை சிறை.

தொழில் பதிவு தனி. உங்கள் சொந்தப் பெயரில் என்றால் ஆண்டுக்கு 30 வெள்ளி, 'அம்மா சமையல்' போல வேறு பெயர் வைத்தால் 60. ஊராட்சி உரிமம் இடத்துக்கு இடம் மாறும் என்பதால், கோலாலம்பூரில் மாநகர் மன்றத்திலும் கிள்ளானில் அரச மாநகராட்சியிலும் நேரில் கேட்டுக்கொள்வது நல்லது.

ஒன்றைச் சொல்லியாக வேண்டும். "ஊசி போட்டாச்சு, இனி பயமில்லை" என்று நினைத்துவிடாதீர்கள். அது டைபாய்டை மட்டுமே தடுக்கும். நோயின் அறிகுறியே இல்லாத ஒருவரின் கையிலிருந்துகூட டைபாய்டு பரவும், அதனால்தான் அந்த ஊசி கட்டாயம். பானையில் வளரும் மற்றக் கிருமிகளுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

சூடாகத்தான் கட்டினேன்

ஒருமுறை எங்கள் அலுவலகத்துக்குத் தேங்காய்ச் சாதம் வரவழைத்தோம். சமைத்தவர் விடியற்காலை 5 மணிக்கே வடித்து, ஆவி பறக்கப் பறக்கப் பிளாஸ்டிக் டப்பாவில் அடைத்து மூடிவிட்டார். கூட்டம் நீண்டுபோனதால் நாங்கள் பிரித்தபோது மணி 2. மூடியின் உட்புறம் முழுக்க முத்து முத்தாகத் தண்ணீர். வாடை ஏதுமில்லை, ருசியும் குறையவில்லை. மாலை 5 மணிக்குள் மூன்று பேர் வாந்தி எடுத்தார்கள். "சூடாத்தான் கட்டினேனே" என்று அவர் கலங்கிப்போனார். அவர் சொன்னது உண்மைதான். அவருடைய அடுப்படி சுத்தமானது என்பதும் எனக்குத் தெரியும்.

அரிசியில் பாசிலஸ் செரியஸ் என்ற கிருமியின் வித்துகள் இயல்பாகவே இருக்கும். கொதித்தாலும் அவை சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாகக் கிடக்கும் நேரத்தில் முளைத்து, பெருகி, நஞ்சைக் கக்குகின்றன. அந்த நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. பழைய சோற்றை எண்ணெயில் வறுத்துக் கொடுத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கையை இன்றோடு விட்டுவிட வேண்டும்.

குழம்புப் பானையின் கதை இதைவிட மோசம். தீபாவளிக்கு 10 கிலோ ஆட்டிறைச்சி ஆர்டர் வருகிறது. இரவே பெரட்டி, பெரிய அண்டாவில் மூடி, மின்விசிறிக்கு அடியில் வைத்துவிட்டுப் படுக்கிறோம். மேலே ஆறியிருக்கும், கரண்டியை விட்டு அடியைத் தொட்டுப் பாருங்கள், விடியும்போதும் கதகதப்பாக இருக்கும். கிளாஸ்திரிடியம் பெர்ஃப்ரிஞ்சன்ஸ் என்ற கிருமிக்கு அதுதான் தொட்டில். 45 பாகை செல்சியஸை ஒட்டிய சூட்டில் அது பத்து நிமிடத்துக்கு ஒருமுறை இரட்டிக்கும்.

ஆகவே 5 பாகைக்கும் 60 பாகைக்கும் நடுவில் உணவை நெடுநேரம் நிறுத்தி வைக்காதீர்கள். சூடாகக் கொடுப்பதென்றால் 60க்கு மேலேயே வையுங்கள். மறுநாளுக்கு என்றால் அகலமான தட்டுகளில் இரண்டு விரற்கடை உயரத்துக்குப் பரப்பி, ஆவி அடங்கியதும் குளிர்ப்பெட்டியில் ஏற்றுங்கள். இரண்டு மணி நேரத்துக்குள் அந்த வேலை முடிந்துவிட வேண்டும். உணவுக்குள் குத்திப் பார்க்கும் வெப்பமானி ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள், விரலை நம்பாதீர்கள். கையில் வெட்டுக்காயமோ சீழ்க்கட்டியோ இருக்கும் நாளில் நீங்கள் சமைக்காதீர்கள்.

இங்கே நடந்தவை

2013இல் கெடாவில் ஒரு கல்யாண விருந்தில் பரிமாறிய கோழிக்கறியால் நால்வர் இறந்தார்கள். 2018இல் பாலிங்கில் லக்சா சாப்பிட்ட இருவர் இறந்துபோனார்கள். 2021இல் திரங்கானுவில் ஆர்டர் எடுத்து விற்ற நுரைப் புட்டிங் பலரை மருத்துவமனைக்கு அனுப்பியது. பச்சை முட்டையின் வெள்ளைக்கருவை அடித்து எழுப்பும் நுரை அது. பச்சை முட்டை சால்மொனெல்லாக் கிருமிக்குத் திறந்த வாசல். 2024 ஜூன் மாதத்தில், நம் கிள்ளான் பள்ளத்தாக்கிலேயே, கோம்பாக்கில் ஒரு பள்ளி நிகழ்ச்சிச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு குழந்தையும் ஓர் இளம்பெண்ணும் இறந்தார்கள். சமைத்தவர்களில் எவரும் யாருக்கும் தீங்கு நினைத்திருக்க மாட்டார்கள்.

வாங்குபவர்களுக்கு

'பார், முகர், சுவை' என்பது சுகாதார அமைச்சின் பழைய அறிவுரை. நல்ல அறிவுரைதான், ஆனால் அது போதாது. எங்கள் தேங்காய்ச் சாதம் மூன்றிலும் தேறியது. "எத்தனை மணிக்குச் சமைச்சீங்க அக்கா?" என்று கேளுங்கள். கோபித்துக்கொள்ள மாட்டார்கள், நல்ல சமையல்காரர் அதைத்தான் விரும்புவார். பொட்டலம் கைக்கு வந்ததும் மேசையில் போட்டுவிட்டுக் கூட்டத்துக்குப் போகாதீர்கள். மீதமானால் உடனே குளிர்ப்பெட்டிக்குள் வையுங்கள்.

வயிறு கெட்டால் உப்புச் சர்க்கரைக் கரைசல் குடியுங்கள். மலத்தில் இரத்தம், கடும் காய்ச்சல், சிறுநீர் வற்றுதல், குழந்தைக்கோ முதியவருக்கோ சோர்வு, இவற்றில் ஒன்று தெரிந்தாலும் காத்திருக்காமல் மருத்துவமனைக்குப் போங்கள். மிச்சமிருக்கும் பொட்டலத்தைக் குளிர்ப்பெட்டியில் வைத்துவிட்டு மாவட்டச் சுகாதார அலுவலகத்துக்குச் சொல்லுங்கள். என்ன கிருமி என்று கண்டுபிடிக்க அந்த மிச்சம் வேண்டும்.

விற்கும் சகோதரிகளுக்கு ஒரு வேண்டுகோள். ஒரு பேனா போதும். ஒவ்வொரு மூடியிலும் சமைத்த நேரத்தை எழுதி, பக்கத்தில் "4 மணி நேரத்துக்குள் சாப்பிடவும்" என்று போடுங்கள். நாளைய ஆர்டரிலேயே தொடங்கிவிடுங்கள்.