காய்ச்சல் இல்லாத நாளில் ஒரு ரத்தப் பரிசோதனை

ஆவடி, அம்பத்தூர் பக்கம் மழைக்காலத்தில் பிள்ளைக்குக் காய்ச்சல் கண்டால் டெங்குவா, டைபாய்டா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். பார்க்கத்தான் வேண்டும். ஆனால் எந்தக் கிருமியும் அகப்படாமல், வயிற்று வலியோடு காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்து, மூன்று நாளுக்குள் தானாகவே இறங்கிவிடும் குழந்தைகளும் உண்டு. இரண்டாம் நாள் ஆன்டிபயாடிக் கொடுத்திருப்பார்கள். குணமான பெயர் அதற்குப் போய்விடும்.

இப்படி வந்து போகும் காய்ச்சல்களில் சில பரம்பரையாக வருபவை. அவற்றில் முதன்மையானது மத்தியதரைக் கடல் குடும்பக் காய்ச்சல். துருக்கியர், ஆர்மீனியர், அரபியர், யூதர்களிடம் அதிகம். இந்தியாவில் அரிது, ஆனாலும் பதிவாகியிருக்கிறது. இதற்கான மரபணுவை 16ஆவது குரோமோசோமில் 1997இல் கண்டுபிடித்தார்கள். அது உண்டாக்கும் பைரின் என்ற புரதம் வெள்ளை அணுக்களுக்குள் காவல் காப்பது. மரபணுவில் பிழை இருந்தால், கிருமியே வராதபோதும் பைரின் விழித்துக்கொண்டு இன்டர்லூக்கின்-1 என்ற அழற்சிப் பொருளைக் கிளப்பிவிடும். குடல்வால் அழற்சி என்று நினைத்து அறுவை செய்யப்பட்டவர்கள்கூட உண்டு. வயிற்று வலி அவ்வளவு கடுமை.

என்னை அதிகம் கவலைப்படுத்துவது காய்ச்சல் விட்ட பிறகான நாட்கள்தான். பிள்ளை பள்ளிக்குப் போகும், ஓடி விளையாடும். சிலருக்கு உள்ளே அழற்சி நீறு பூத்த நெருப்பாக இருந்துகொண்டே இருக்கும். வளர்த்தி குறைவதும் ரத்தசோகையும் அதனால் வரலாம். ஈரலில் உண்டாகும் சி.ஆர்.பி., சீரம் அமிலாய்டு ஏ ஆகிய இரு புரதங்களின் அளவு இதைக் காட்டிக்கொடுக்கும். சீரம் அமிலாய்டு ஏ ஆண்டுக்கணக்கில் உயர்ந்தே இருந்தால், அதன் துண்டுகள் சிறுநீரகத்தில் படிந்து அதைச் செயலிழக்கச் செய்யலாம். சிறுநீரில் புரதம் இறங்குவதுதான் முதல் அறிகுறி.

காய்ச்சலின்போது சி.ஆர்.பி. பல நோய்களிலும் ஏறும். ஆகவே பிள்ளை நன்றாக இருக்கும் நாளில் எடுக்கும் பரிசோதனைக்குத்தான் இங்கே மதிப்பு. காய்ச்சல் வந்த தேதிகளையும் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

1972 முதல் இந்தக் குடும்பக் காய்ச்சலுக்குக் கைகண்ட மருந்து கால்சிசின். நம் மாநில மலரான செங்காந்தளின் விதையிலிருந்தும் அது எடுக்கப்படுகிறது. மூலனூர், ஒட்டன்சத்திரம் வட்டாரங்களில் கண்வலிக்கிழங்கு என்று பயிரிடுகிறார்களே, அதே செடிதான். கிழங்கும் விதையும் கொடிய நஞ்சு. வீட்டு வைத்தியத்துக்கு ஒருநாளும் ஆகாது. அளந்த மாத்திரையை, காய்ச்சல் இல்லாத நாளிலும், தினமும் கொடுக்க வேண்டும். காய்ச்சல் நின்றும் ரத்தத்தில் அந்தப் புரதங்களின் அளவு இறங்கவில்லை என்றால் மருத்துவர் மருந்தின் அளவைக் கூட்டுவார். அதற்கும் அடங்காத பிள்ளைகளுக்கு இன்டர்லூக்கின்-1ஐத் தடுக்கும் ஊசிகள் இருக்கின்றன. அவற்றின் விலைதான் சாதாரணக் குடும்பத்துக்கு எட்டுவதில்லை.